சுற்றாத தட்டு

அந்த ஆஸ்பத்திரியில் அவளுக்குப் பெற்றவர்கள் வைத்த பெயர் சம்பளச் சீட்டில் மட்டும்தான் இருந்தது. மற்றபடி எல்லோருக்கும் அவள் ‘மூணு நிமிஷம்’. ரிசல்ட் கேட்டு வருகிறவர், கையெழுத்து வாங்க வருகிறவர், வேலை இல்லாமல் கதவைத் திறந்து எட்டிப் பார்க்கிறவர், யாராக இருந்தாலும் சரி, திரும்பிக்கூடப் பார்க்காமல் “மூணு நிமிஷம் இருங்க” என்பாள். அவள் எதிரே மேஜைமேல் ஒரு மைக்ரோவேவ் அடுப்பு உறுமிக்கொண்டிருக்கும். அது மணியடித்து ஓய்ந்த பிறகுதான் அவள் மனுஷர்களிடம் பேசுவாள்.

அடுப்பு என்றதும் சமையலறை என்று நினைத்துவிட வேண்டாம். ஆஸ்பத்திரியின் அடித்தளத்தில், சலவைக்குப் போகிற படுக்கைவிரிப்புகளைக் குவித்திருக்கும் அறையைத் தாண்டி, நடைபாதை முட்டி நிற்கிற இடத்தில் இருந்தது அந்தப் பரிசோதனை அறை. கதவுக்கு மேலே ‘மூலக்கூறு நோயறிதல் பிரிவு’ என்று பலகை. அதைப் படித்து முடிக்கப் பொறுமை இல்லாதவர்கள் ‘அடுப்பு ரூம்’ என்றார்கள். பொறுமை யாருக்கும் இல்லை.

விஷயம் இதுதான். கக்குவான் இருமலோ என்று சந்தேகப்பட்டுக் கொண்டுவருகிற குழந்தையின் மூக்குக்குள் மெல்லிய பஞ்சுக் குச்சியை விட்டு எடுத்த சளி அவளிடம் வரும். கிருமி அதில் இருக்கிறதா என்று பார்க்க அவளிடம் ஒரு பி.சி.ஆர். மெஷின் இருந்தது. ஆனால் அந்த மெஷினுக்குக் கிருமியை முழுசாகக் கொடுத்தால் அடையாளம் தெரியாது. கிருமிக்குள்ளே இருக்கும் மரபணுவைத்தான் அதற்குத் தெரியும். ஆகவே முதலில் கிருமியின் ஓட்டை உடைத்து உள்ளே இருப்பதை வெளியே கொண்டுவர வேண்டும். அதற்கென்று மருந்துப் பெட்டிகள் உண்டு. தலைமையகம் ஒரு மாதம் அனுப்பும், இரண்டு மாதம் மறந்துவிடும். மறந்த மாதங்களில் சளிக் குப்பிகள் ஐஸ் பெட்டியில் ஏறித் தலைமையகத்துக்கே பயணம் போகும். ரிசல்ட் வர ஒன்பது நாள். அதற்குள் இருமல் தங்கச்சிப் பாப்பாவைப் பிடித்து, பக்கத்து வீட்டுக்குப் போய், ஸ்கூல் வேனில் ஏறி, ஒரு வகுப்பறை முழுக்க இறங்கியிருக்கும்.

ஒரு நாள் ஒரு தாய் மூன்று பிள்ளைகளை வரிசையாக நிறுத்தி, மூன்றும் மாற்றி மாற்றி இரும, முதல் பிள்ளையின் ரிசல்ட் வந்ததா என்று கேட்டாள். வரவில்லை. அன்றைக்கு ‘மூணு நிமிஷ’த்துக்குச் சோறு இறங்கவில்லை. எங்கோ படித்தது ஞாபகம் வந்தது. மைக்ரோவேவில் சரியான அளவு சூடு கொடுத்தால் கிருமி தானே வெடித்துவிடும், பெட்டி மருந்து எதுவும் வேண்டாம். சாப்பாட்டு டப்பாவுக்குள் வைத்த முட்டை அடுப்பில் வெடிக்கிறதே, அதே சங்கதிதான்.

ஆஸ்பத்திரியில் உதிரியாக ஒரு மைக்ரோவேவ் இல்லை. வீட்டில் இருந்தது. அதுவும் அந்த வாரம்தான் பழுதாகியிருந்தது.

அது பழுதான கதைக்கு அவள் வீட்டுக்காரரைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவர் லிஃப்ட் மெக்கானிக். அந்த ஊரின் பதினோரு லிஃப்டுகள் அவர் பொறுப்பு, இந்த ஆஸ்பத்திரி லிஃப்ட் உட்பட. நல்ல மனுஷர், அதில் சந்தேகமே இல்லை. கெட்டுப்போன ஒரு சாமானைப் பார்த்துவிட்டால் மட்டும் அவருக்குத் தூக்கம் வராது. துக்கம் விசாரிக்கப் போன வீட்டில் உட்கார்ந்த நாற்காலி ஆடியது என்று, வந்த காரியத்தை மறந்து அதைக் கவிழ்த்துப்போட்டு ஸ்க்ரூ முடுக்கிவிட்டு வந்தவர். கல்யாணமாகி வந்த புதிதில் அவர்கள் வீட்டு வாசல் கதவு திறந்தால் மூடினால் கிரீச்சென்று கத்தும். லிஃப்ட் குழிக்குள் தொங்கி வேலை செய்கிற மனுஷன் சாயங்காலம் முழுசாக வீடு வந்துவிட்டான் என்று அந்தச் சத்தம்தான் அவளுக்குச் சொல்லும். அதைக் கேட்கிற வரைக்கும் வயிற்றில் ஒரு கல் உட்கார்ந்திருக்கும், கேட்டதும் இறங்கிவிடும். இது தெரியாமல் அவர் ஒரு ஞாயிற்றுக்கிழமை கீல்களைக் கழற்றி எண்ணெய் போட்டுவிட்டார். கதவு வாயை மூடிக்கொண்டது. “சத்தம் போட்டுக்கிட்டே இருந்திருக்கலாம்” என்று அவள் ஒரே ஒரு தடவை சொன்னாள். அவர் வேடிக்கைக்குச் சொல்கிறாள் என்று சிரித்தார்.

அதன் பிறகு அவர் எப்போது வந்தார் என்றே தெரியாது. திரும்பினால் சமையலறை வாசலில் நிற்பார். அப்படி ஒரு சாயங்காலம் நின்றபோதுதான் அவள் திடுக்கிட்டு, கையில் இருந்த மைக்ரோவேவின் கண்ணாடித் தட்டை அடுப்புக்குள்ளேயே தொப்பென்று போட்டாள். கனமான தட்டு, அதற்கு ஒன்றும் ஆகவில்லை. அடியில் அதைச் சுற்றவைக்கும் சின்ன பிளாஸ்டிக் துண்டு விரிசல்விட்டுக் கீறிப்போனது. மோட்டார் ஓடும், கீறின துண்டு மட்டும் வெறுமனே சுழலும், மேலே தட்டு அசையாது. அவர் அப்போதே புதுத் துண்டுக்கு ஆர்டர் போட்டார். அது வந்துசேர்வதற்குள் அவள் அடுப்பைத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டாள்.

போனவளுக்கு அடித்தது யோகம். சுற்றாத தட்டு அவளுக்கு வரமாக அமைந்தது. இந்த அடுப்புக்குள் சூடு எல்லா இடத்திலும் ஒன்றுபோல் விழாது. ஒரு இடத்தில் கொதிக்கும், நாலு விரல் தள்ளி வெறும் வெதுவெதுப்பு. சாப்பாடு என்றால் தட்டு சுற்றி அதைச் சரிக்கட்டிவிடும். ஆனால் விரல்நுனி அளவு குப்பிகளுக்கு ஒரே அளவு சூடு வேண்டும், தினமும் அதே அளவு வேண்டும். அதற்கு இடம் பார்த்து நிறுத்திவைப்பதே மேல். இடத்தை எப்படிப் பார்ப்பது? ஈசிஜி எடுக்கிற தாள் சூடு பட்டால் கறுக்கும். அதை நனைத்து, தட்டில் விரித்து, அடுப்பை அரை நிமிஷம் ஓட்டினால், சூடு விழுகிற இடங்கள் கறுப்புத் திட்டுகளாகத் தெரியும். மேலே இதயப் பிரிவில் வீணாய்ப்போன சுருள்களை வாங்கிவந்து, இருபது நாள் தாளை நனைத்து நனைத்துக் கறுக்கவைத்தாள். நடுத் திட்டில் வைத்தால் குப்பியின் மூடி தெறித்தது. வெளிறின இடத்தில் வைத்தால் கிருமி சௌகரியமாகக் குளித்துவிட்டு முழுசாக வெளியே வந்தது. இடது திட்டின் ஓரத்தில் வைத்தபோது, மூன்று நிமிஷத்தில், அத்தனையும் உடைந்தது. அந்த ஓரத்தில் சிவப்பு நகப்பாலிஷால் எட்டுப் புள்ளி வைத்தாள். தட்டின் ஒரு மூலையோரத்தில் அளவாய் ஒரு கண்ணாடி டம்ளர் தண்ணீர், மிச்சச் சூட்டைக் குடித்துக்கொள்ள. அவ்வளவுதான் முறை. காலையில் வந்த சளிக்கு மத்தியானம் ரிசல்ட்.

இதையெல்லாம் ஆறு பக்கத்தில் எழுதித் தலைமையகத்துக்கு அனுப்பினாள். குப்பியில் எத்தனை சொட்டு, மூடியை எவ்வளவு இறுக்க வேண்டும், டம்ளர் எந்த மூலை, ஒன்று விடாமல் எழுதினாள். ஒன்றை விட்டுவிட்டாள். தட்டு சுற்றாது என்பதை எழுதவில்லை. எழுதத்தான் உட்கார்ந்தாள். ‘பழுதான அடுப்பை எடுத்துக்கொள்ளவும்’ என்று எழுதிப் பார்த்தபோது அவளுக்கே வெட்கமாக இருந்தது, அடித்துவிட்டாள். ‘குறித்த இடத்தில் வைக்கவும்’ என்று மட்டும் எழுதி மென்று முழுங்கிவிட்டாள். வீட்டுக்காரரிடமும் சொல்லவில்லை. புதுத் துண்டு வந்துவிட்டது, மாட்டித் தரட்டுமா என்று அவர் நாலு மாதமாகக் கேட்டார். “அது அப்படியே இருக்கட்டும்ங்க” என்று நாலு மாதமாகச் சொன்னாள். ஏன் என்று விளக்க ஆரம்பித்தால் சூடு, திட்டு, ஈசிஜி என்று ராத்திரிச் சாப்பாடு ஆறிப்போகும். அவரோ, பாவம், தன்னைச் சிரமப்படுத்தக் கூடாது என்று சொல்கிறாள் என்று எடுத்துக்கொண்டார்.

தலைமையகத்திலிருந்து பதில் வந்தது. ஒரு தணிக்கையாளர் வருவார். இருபது சளி மாதிரிகள் கொண்டுவருவார். எதில் கிருமி இருக்கிறது, எதில் இல்லை என்பது ஒட்டிய உறைக்குள் அவரிடம் இருக்கும். அவள் முறையில் செய்த ரிசல்ட் இருபதும் பொருந்தினால் முறைக்கு அனுமதி. பொருந்தாவிட்டால் இந்த அறை மூடப்படும், மாதிரிகள் எப்போதும்போலத் தலைமையகம் போகும், அவளும் முதல் தேதியிலிருந்து அங்கேயே வேலைக்கு வர வேண்டும். தலைமையகம் முந்நூறு கிலோமீட்டர். அவர் பதினோரு லிஃப்டை விட்டுவிட்டு வர முடியாது. பதினஞ்சு நாளைக்கு ஒரு தடவை ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொள்ளலாம். கடிதத்தைப் படித்துவிட்டு அவர் எழுந்துபோய் ஏற்கனவே நன்றாக ஓடிக்கொண்டிருந்த மின்விசிறியைக் கழற்றித் துடைத்தார்.

தணிக்கையாளரைப் பற்றி அவள் கேள்விப்பட்டிருந்தாள். அவருக்கும் ஒரு பட்டப்பெயர் உண்டு, ‘எங்கே எழுதியிருக்கு’. எந்த அறைக்குள் நுழைந்தாலும் அவர் வாயில் வருகிற முதல் வாக்கியமும் கடைசி வாக்கியமும் அதுதான். ஒரு பரிசோதனைக்கூடத்தில் தண்ணீர் குடிக்கச் சொன்னவரிடமே அதைக் கேட்டார் என்று பேச்சு.

அந்த நாள் வந்தது. காலை ஒன்பதரைக்கு அவர் வந்துசேர்ந்தார். ஒல்லியான மனுஷர், கக்கத்தில் கோப்பு, கையில் ஐஸ் பெட்டி. பின்னாலேயே பெரிய டாக்டரம்மா வந்தார். ஆஸ்பத்திரித் தலைவி. எது நடந்தாலும் “நான் அப்பவே சொன்னேன்” என்பார். எப்போது சொன்னார், யாரிடம் சொன்னார் என்று இதுவரை யாரும் கண்டுபிடித்ததில்லை. அறை வாசலில் காவலர் நின்றார். எல்லா அறைச் சாவியும் இடுப்பில் தொங்குவதால் அவர் ‘சாவி’. அவருக்கு இந்த அடுப்பின்மேல் ஒரு கண். சாப்பாட்டு டப்பாவோடு பத்துத் தடவையாவது வந்து கேட்டிருப்பார். அதனால்தான் அடுப்பின் நெற்றியில் அவள் ஒரு சீட்டு ஒட்டியிருந்தாள்: ‘இது சாப்பாட்டுக்கு அல்ல. சந்தேகம் இருந்தால் உள்ளே என்ன வைக்கிறோம் என்று கேட்கவும்.’

முதல் எட்டுக் குப்பிகளையும் தயார் செய்தாள். அடுப்பின் கதவைத் திறந்தாள்.

உள்ளே பளபளவென்று இருந்தது. நாலு மாத அழுக்கு ஒரு துளி இல்லை. அழுக்கோடு சேர்ந்து எட்டுச் சிவப்புப் புள்ளிகளும் போயிருந்தன.

யாரோ துப்புரவு செய்கிறவர்கள் ஆர்வக்கோளாறில் துடைத்துவிட்டார்கள் என்றுதான் முதலில் நினைத்தாள். பின்னால் இரண்டு பேர் மூச்சுவிடுகிற சத்தம் கேட்டது. நாலு மாதமாகக் கை போய்வந்த இடம்தானே, கைக்கே தெரியும் என்று தைரியம் சொல்லிக்கொண்டு, இடது சுவரிலிருந்து ஒரு சாண் அளந்து குப்பிகளை வைத்தாள். டம்ளரை மூலையில் வைத்தாள். மூன்று நிமிஷம் வைத்துப் பொத்தானை அழுத்தினாள்.

தட்டு சுற்ற ஆரம்பித்தது.

சத்தமே இல்லாமல், வழுக்கிக்கொண்டு, ராஜகம்பீரமாகச் சுற்றியது. குப்பிகள் ஊர்வலம் போயின. மூலையில் வைத்த டம்ளரும் கூடவே கிளம்பியது. அவளுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. நாலு எண்ணுகிற நேரம் பார்த்துக்கொண்டே நின்றுவிட்டு, பாய்ந்து நிறுத்துகிற பொத்தானை அழுத்தினாள்.

அப்படி வழுக்கிக்கொண்டு சுற்றவைக்க இந்த ஊரில் ஒரே ஒரு கைக்குத்தான் தெரியும். அவள் மெதுவாகத் திரும்பிச் சாவியைப் பார்த்தாள். சாவியின் முகத்தில் அத்தனை சந்தோஷம்.

ரகசியம் காக்க அவருக்குத் தெரியாது. கேட்காமலே கொட்டினார். நேற்று சாயங்காலம் லிஃப்ட் நின்றுபோய் சார் வந்தாராம். மேடம் அப்போதுதான் கிளம்பியிருந்தார்களாம். லிஃப்டை முடித்துவிட்டு, நாளைக்குப் பெரிய பரீட்சையாச்சே, அஞ்சு நிமிஷம் அந்த ரூமைத் திறந்துவிடு என்று சார் கேட்டாராம். மேடம் வீட்டுக்காரருக்குத் திறக்காமல் வேறு யாருக்குத் திறப்பது? சார் சட்டைப் பையிலிருந்து அந்தத் துண்டை எடுத்து மாட்டி, உள்ளே சுத்தமாகத் துடைத்து, ஏதோ சிவப்பாக ஒட்டிக்கொண்டிருந்ததைச் சுரண்டி எடுத்து, ஓட்டியும் பார்த்தாராம். “என் சாப்பாட்டு டப்பாவை வெச்சுத்தான் டெஸ்ட் பண்ணோம் மேடம். எல்லாப் பக்கமும் ஒரே மாதிரி சூடாச்சு.”

பெரிய டாக்டரம்மா கண்ணை மூடிக்கொண்டார். தணிக்கையாளர் கோப்பைத் திறந்தார்.

“ஏன் நிறுத்தினீங்க?”

இங்கே கொஞ்சம் நின்று அவள் நிலைமையை யோசித்துப் பாருங்கள். கரண்டு சரியில்லை என்று சொல்லலாம். அடுப்பு மக்கர் பண்ணுகிறது என்று சொல்லி இன்னொரு தேதி கேட்கலாம். வாயை மூடிக்கொண்டு மறுபடி பொத்தானை அழுத்திவிட்டு, அதிர்ஷ்டத்தை நம்பலாம். அத்தனை பொய்யும் அவள் நாக்கு நுனிக்கு வந்து வரிசையில் நின்றன. ஆனால் பாதி கிருமி உடையாது, இருக்கிறதை இல்லை என்று மெஷின் சொல்லும், நாளைக்கு ஒரு பிள்ளைக்கு அதே தப்பு நடக்கும் என்று நினைத்தபோது, வரிசை கலைந்துவிட்டது.

“சார், இந்தத் தட்டு சுத்தக் கூடாது” என்றாள். “இது ரிப்பேரான அடுப்பு. ரிப்பேரா இருந்ததாலதான் முறை சரியா வந்துச்சு. நேத்து எங்க வீட்டுக்காரர் சரி பண்ணிட்டார்.”

“தட்டு சுத்தக் கூடாதுன்னு எங்கே எழுதியிருக்கு?”

“எழுதலை சார்.”

“ஏன்?”

“வெக்கமா இருந்துச்சு.”

அவர் தன் உத்தியோகத்தில் எத்தனையோ காரணங்களைக் கேட்டு எழுதியிருப்பார். இது புதிது போல. பேனா தாளுக்கு மேலேயே நின்றது. பெரிய டாக்டரம்மா, தான் அப்பவே சொன்னதாகச் சொன்னார். தணிக்கையாளர் அவரைத் திரும்பிப் பார்க்காமல், சுற்றவிட்டே இன்னும் ரெண்டு நிமிஷம் கூட வைத்தால் ஆகாதா என்று கேட்டார். அது வேறு முறை, அதை நம்புவதற்கு இன்னொரு நாலு மாதம் செய்து பார்க்க வேண்டும் என்றாள். தெரியாததைத் தெரியாது என்று அவள் சொன்னது அவருக்குப் பிடித்திருக்க வேண்டும், முகத்தில் காட்டிக்கொள்ளவில்லை. நாலு எண்ணுகிற நேரத்தில் குப்பிகளில் சூடே ஏறவில்லை என்பதைத் தொட்டுப் பார்த்துத் தானே உறுதி செய்தார். எனக்கு ரெண்டு மணிக்கு ரயில், அதற்குள் இந்த அடுப்பு எப்படி இருந்ததோ அப்படி ஆகுமா என்றார்.

அவள் வீட்டுக்காரருக்குப் போன் போட்டாள். அவர் ஏதோ ஒரு கட்டடத்தின் லிஃப்ட் குழிக்குள் இருந்தார், குரல் எதிரொலித்தது.

“உடனே இங்க வாங்க.”

“எது கெட்டுப்போச்சு?”

“எதுவும் கெட்டுப்போகலை. அதாங்க பிரச்சினை.”

அவர் வருவதற்குள் அவள் அடுப்பின் உட்புறத்தை பிளீச்சிங் போட்டு மூன்று தடவை கழுவினாள். சாவியின் சாப்பாட்டு டப்பா எங்கெங்கே பட்டது என்று தணிக்கையாளர் விசாரித்து எழுதிக்கொண்டார். தன் டப்பாவைப் பற்றி அரசாங்கக் கோப்பில் எழுதுகிறார்கள் என்று சாவிக்கு வேர்த்தது.

கால்மணி நேரத்தில் லிஃப்ட்காரர் வந்தார். முழங்கை வரைக்கும் கிரீஸ், கையில் கருவிப் பெட்டி. வாசலில் நின்றபடி எல்லோர் முகத்தையும் பார்த்தார், அப்புறம் அடுப்பைப் பார்த்தார். ஏதோ தப்பு நடந்துவிட்டது, அது தன்னால் நடந்துவிட்டது என்று புரிந்துபோனது. அவள் நடந்ததைச் சுருக்கமாகச் சொன்னாள். நாலு மாதமாகச் சொல்லாததைச் சொல்லி முடிக்க, சரியாக மூன்று நிமிஷம்கூட ஆகவில்லை.

யாரும் கேட்காத கேள்வியைத் தணிக்கையாளர் கேட்டார். அனுமதி இல்லாத அறைக்குள் வந்து, கேட்காமல் ஒரு கருவியில் ஏன் கை வைத்தீர்கள்?

லிஃப்ட்காரருக்குச் சாதாரணமாகவே பேச்சு கம்மி. கருவிப் பெட்டியைப் பார்த்துக்கொண்டே சொன்னார். “தட்டு சுத்தாததாலேயே பரீட்சை ஊத்திக்கிட்டா அவளை அங்க அனுப்பிடுவாங்க சார். அவ போயிடக் கூடாதுன்னுதான்.”

இந்த மனுஷனைத் திட்டுவதா, கட்டிக்கொள்வதா என்று அவளுக்குத் தெரியவில்லை. இரண்டையும் தணிக்கையாளர் முன்னால் செய்ய முடியாது என்பதால் டம்ளரை எடுத்துத் தண்ணீர் நிரப்பினாள்.

“சரி பண்ணது தப்பும்மா. இப்ப என்ன பண்ணணும்?” என்றார் அவர்.

“மறுபடி கெடுக்கணும்.”

கல்யாணமாகிப் பதினாறு வருஷத்தில் அவரிடம் இப்படி ஒரு வேலையை யாரும் கொடுத்ததில்லை. அவர் அடுப்பின் முன்னால் மண்டியிட்டு உட்கார்ந்து, கொஞ்ச நேரம் சும்மா பார்த்துக்கொண்டிருந்தார்.

“எவ்வளவு கெடுக்கணும்?” என்று கேட்டார்.

“முன்ன எவ்வளவு கெட்டிருந்துச்சோ, அவ்வளவு.”

இங்கேதான் அவருடைய இன்னொரு குணம் காப்பாற்றியது. எதையும் தூக்கியெறிய மாட்டார். பெட்டிக்கு அடியில் ஒரு தகர டப்பா, அதற்குள் எதற்காவது ஆகும் என்று போட்டுவைத்த பத்து வருஷத்துத் துண்டுதுக்காணிகள். விரலால் கிளறினார். நேற்றுக் கழற்றிய கீறின துண்டு மேலாகவே கிடந்தது. அதைத் துடைக்கப் போனார். அவள் பார்த்த பார்வையில் துடைக்காமல் மாட்டினார். தட்டை வைத்து அடுப்பை ஓட்டினார். அடியில் துண்டு வெறுமனே சுழன்றது. மேலே தட்டு கல்லாக உட்கார்ந்திருந்தது. தன் வேலை சரியாக வந்திருக்கிறதா என்று குனிந்து இரண்டு பக்கமும் பார்த்தார். சரியாகக் கெட்டிருந்தது.

இனி புள்ளிகள். இழுப்பறையிலிருந்து ஈசிஜி சுருளை எடுத்தாள். நனைத்தாள், விரித்தாள், அரை நிமிஷம் ஓட்டினாள். ஈரத்தாளில் கறுப்புத் திட்டுகள் மெல்லப் பூத்து வந்தன. தணிக்கையாளர் கோப்பை எங்கே வைத்தார் என்றே தெரியவில்லை, அடுப்புக் கண்ணாடிமேல் மூக்கை ஒட்டிக்கொண்டு நின்றார். இன்னொரு தாள் போடுங்கள் என்றார். அதே இடத்தில் அதே திட்டுகள். இன்னொன்று என்றார். எட்டுத் தாள் ஆயிற்று. ஒன்பதாவதைத் தானே நனைத்து விரித்தார். கோட்டுக் கை முழுக்க ஈரம். இந்த யோசனை எங்கே எழுதியிருக்கிறது என்று அவர் கேட்டார். இந்தத் தடவை குரலில் குத்தல் இல்லை, தெரிந்துகொள்ளத்தான் கேட்டார்.

நகப்பாலிஷ் எடுத்து இடது திட்டின் ஓரத்தில் எட்டுப் புள்ளி வைத்தாள். ஆறாவது புள்ளி கொஞ்சம் பெரிதாகிவிட்டது. காய்ந்ததும் குப்பிகளை அடுக்கினாள். பொத்தானை அழுத்தினாள். யாரோ ஏதோ கேட்க வாயெடுத்தார்கள்.

“மூணு நிமிஷம் இருங்க” என்றாள்.

எல்லோரும் இருந்தார்கள். எட்டு, எட்டு, நாலு என்று மூன்று தவணையில் இருபது குப்பிகளும் வெந்து வந்தன. மூடி ஒன்றுகூடத் தெறிக்கவில்லை. பி.சி.ஆர். மெஷினில் அடுக்கினாள். அதற்கு இரண்டு மணி நேரம் ஆகும். அந்த இரண்டு மணி நேரத்தில் லிஃப்ட்காரர் அந்த அறையில் ஒரு நாற்காலி ஆடுவதைக் கண்டுபிடித்தார். கை ஸ்க்ரூ டிரைவரை நோக்கிப் போனது. போன கையை இன்னொரு கையால் பிடித்து மடியில் வைத்துக்கொண்டார். அவள் பார்த்துவிட்டாள். அதை மட்டும் சரி பண்ணிக்கோங்க என்று அனுமதி கொடுத்தாள்.

திரையில் ரிசல்ட் வந்தது. கிருமி இருந்தால் கோடு மேலே ஏறும், இல்லாவிட்டால் தரையோடு படுத்திருக்கும். பன்னிரண்டு கோடுகள் ஏறின. எட்டு படுத்துக்கொண்டன. அவள் எண்களை எழுதிக் கொடுத்தாள். தணிக்கையாளர் உறையைக் கிழித்தார். ஒவ்வொன்றாக விரல் வைத்துப் படித்தார். ஒன்று, பொருந்துகிறது. இரண்டு, பொருந்துகிறது. பதினாலாவதில் விரல் நின்றது. லிஃப்ட்காரர் அவள் பக்கத்தில் வந்து நின்றார். தணிக்கையாளர் கண்ணாடியைக் கழற்றி, ஈரக் கோட்டில் துடைத்து, அது இன்னும் மங்கலாகி, மறுபடி துடைத்து மாட்டிக்கொண்டார். பொருந்துகிறது. இருபது வரைக்கும் போனார்.

“இருபதுக்கு இருபது” என்றார்.

பெரிய டாக்டரம்மா தான் அப்பவே சொன்னதை நினைவுபடுத்தினார். சாவி ஏனோ மூக்கை உறிஞ்சினார். அவள் சுவரைப் பிடித்துக்கொண்டு மெதுவாக உட்கார்ந்தாள். உட்கார்ந்த நாற்காலி ஆடவில்லை.

ரெண்டு மணி ரயில் போய்விட்டிருந்தது. தணிக்கையாளர் அதைப் பற்றிப் பேசவில்லை. முறையின் முதல் பக்கத்தில், எல்லாவற்றுக்கும் மேலே, அவள் கையாலேயே எழுதச் சொன்னார்: ‘அடுப்பின் தட்டு சுற்றக் கூடாது.’ இந்தத் தடவை வெட்கமாக இல்லை. அப்புறம் கருவிப் பராமரிப்புப் படிவம் ஒன்றை எடுத்தார். அதில் ‘பழுது நீக்கப்பட்டது’ என்று அச்சடித்திருந்தது. கொஞ்சம் யோசித்தார். ‘நீக்கப்பட்டது’ என்பதை அடித்துவிட்டு, அழகான கையெழுத்தில் ‘சேர்க்கப்பட்டது’ என்று எழுதினார். கீழே கோடு போட்ட இடத்தைக் காட்டி லிஃப்ட்காரரைக் கையெழுத்துப் போடச் சொன்னார். அவர் விரலில் இருந்த கிரீஸைச் சட்டையில் துடைத்துக்கொண்டு போட்டார். தன் வாழ்நாளில் செய்த ஒரே ஒரு மோசமான வேலைக்கு அவருக்கு அரசாங்கச் சான்றிதழ் கிடைத்தது.

இருவரும் வீட்டுக்கு நடந்தார்கள். வேறு எதையெல்லாம் சரி பண்ணிக் கெடுத்து வைத்திருக்கிறேன் என்று ஒரு லிஸ்ட் கொடுத்துவிடு என்றார் அவர். அவள் சிரித்தாள். லிஸ்ட் எல்லாம் இல்லைங்க என்றாள். ஆனால் நடக்க நடக்க அந்தக் கண்ணாடித் தட்டு எப்படிக் கையிலிருந்து விழுந்தது என்பதில் தொடங்கி, வாசல் கதவு வரைக்கும் பின்னோக்கிச் சொல்லிக்கொண்டு வந்தாள். வயிற்றில் உட்கார்ந்திருக்கும் கல்லைப் பற்றியும் சொன்னாள். பதிமூன்று வருஷமாக உட்கார்ந்திருக்கிறது என்றாள். அவர் கேட்டுக்கொண்டு வந்தார்.

அடுத்த வாரம் அனுமதிக் கடிதம் வந்தது. அந்த மூன்று பிள்ளைகளின் தாய் போன்றவர்கள் இனி ஒன்பது நாள் காத்திருக்க வேண்டாம், அவளும் எங்கேயும் போக வேண்டாம். அன்று சாயங்காலம் அவள் சமையலறையில் முதுகைக் காட்டி நின்று பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்தாள். குழாய்த் தண்ணீர் சத்தத்தையும் மீறி, வாசல் பக்கமிருந்து கிரீச்சென்று நீளமாக ஒரு சத்தம் கேட்டது. பழைய சத்தமேதான், கொஞ்சமும் மாறவில்லை. எவ்வளவு கெட்டிருந்ததோ அவ்வளவு சரியாகக் கெடுத்திருந்தார். அவள் திரும்பிப் பார்க்கவில்லை. வந்துட்டீங்களா என்று கேட்டுவிட்டு, கையில் இருந்த தட்டை நிதானமாகக் கழுவிக் கவிழ்த்துவைத்தாள்.